ஹால்டரம்மாவின் நிலவறைக்குத் தண்ணீர் வராமலிருக்க

தெற்கு ஜெர்மனியில் இருக்கும் எங்கள் டால்வாங்கன் ஊரில் மழை தரையில் விழும் வரைக்கும் இலவசம். விழுந்த பிறகுதான் செலவு. வீட்டைச் சுற்றி எவ்வளவு இடத்தைத் தாரும் சிமெண்டும் போட்டு மூடியிருக்கிறோமோ, அவ்வளவு இடத்து மழைக்கும் நகராட்சிக்கு வரி கட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் அவர்களுடைய சாக்கடையில் ஓடுகிறதாம். இந்தச் சட்டம் வந்தபோது ஊரே கூடி நகராட்சியைத் திட்டியது. நான் பின்வரிசையில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். ஊரில் தரைக்கல் விற்பவன் நான் ஒருவன்தான்; எனக்கு எதற்கு ஊர்ப் பகை?

நான் விற்பதில் தண்ணீர் குடிக்கிற கல் என்று ஒன்று உண்டு. உண்மையில் கல் ஒன்றும் குடிப்பதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடுக்கு விட்டு, அதில் பொடி ஜல்லியை நிரப்புவோம். அடியில் முழங்கால் ஆழத்துக்குப் பெரிய ஜல்லி. மழை இடுக்கு வழியாக இறங்கும், ஜல்லிக்குள் சற்றுத் தங்கும், அப்புறம் ஆற அமர மண்ணுக்குள் போகும். சாக்கடைக்குப் போகாத மழைக்கு வரி கிடையாது. வரி என்றால் வயிறு எரியும் ஊரில் இதை விற்கப் பெரிய வாய் தேவையில்லை. கல்லே பேசும்.

ஆல்பின் ரீகர் இந்தக் கல்லைக் கேட்டு வந்தபோது தானும் வரிக்காகத்தான் வந்ததாகச் சொன்னார். நான் நம்பவில்லை. என் கிடங்கு அவருடைய தெருவின் கீழ் முனையில் இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்ப்பது போல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவர் வாசலும் அடுத்த வீட்டு வாசலும் தெரியும். சன்னல் திறந்திருந்தால் பேச்சும் கேட்கும். கடைக்காரன் பார்வையை எதன் மேலாவது வைத்துத்தானே ஆக வேண்டும்.

ரீகர் பல்சக்கரத் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் இல்லை. மனைவி இறந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் சமையலறை விளக்கு ஒன்றுதான் எரியும். காலையில் ரொட்டிக் கடைக்குப் போவார். முன்பெல்லாம் அங்கே "ரெண்டு பன், ஒரு பிரெட்சல்" என்றாவது வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருந்தார். கடைப் பெண் கெட்டிக்காரி, முகத்தைப் பார்த்ததுமே கட்டிக் கொடுக்கப் பழகிவிட்டாள். அந்த ஒரு வாக்கியமும் போயிற்று.

மீதி இருந்தது சனிக்கிழமை.

எங்கள் ஸ்வாபியப் பக்கத்தில் சனிக்கிழமை காலை வாசலைப் பெருக்காதவனை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. வாசலில் குப்பை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. துடைப்பம் கையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ரீகர் நீளக் கம்புத் துடைப்பத்தோடு வெளியே வருவார். அடுத்த வீட்டிலிருந்து ரோஸ்விதா ஹால்டர் வருவார். அவரும் தனிக்கட்டை, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். இருவரும் பொதுவான எல்லைக்கல் வரைக்கும் பெருக்கி வந்து அங்கே நிற்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீடு. குடும்பப் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் கூப்பிட்டதில்லை, ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் உட்கார்ந்ததில்லை. பேச்செல்லாம் அந்த எல்லைக்கல் பக்கத்தில்தான்.

"ரீகர் சார், உங்க மரத்து இலையெல்லாம் என் பக்கம் குடியேறிடுச்சு."

"வாடகை கேட்டு வாங்குங்க ஹால்டரம்மா."

"வாடகையா! உங்க மழை வருஷக் கணக்கா என் பேஸ்மென்ட்ல ஓசியில தங்குது. அதுக்கே இன்னும் நான் வாய் தொறந்து கேக்கல."

அது நிஜம். ரீகரின் கார் பாதை மேலிருந்து சரிந்து வந்து, தெருவைப் பார்த்துத் திரும்புவதற்குப் பதிலாக ஹால்டரம்மாவின் நிலவறைப் படியைப் பார்த்துத் திரும்பும். முழுக்கத் தார். பெருமழை பெய்தால் தண்ணீர் நேரே அந்தப் படியில் இறங்கி, அவருடைய ஜாம் பாட்டில் அலமாரி வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வரும். ரீகர் ரப்பர் பூட்ஸோடு ஓடுவார், பம்ப்பைப் பிடிப்பார், இருவரும் வாளி வாளியாக இறைப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை.

ஒரு வசந்த காலத்துச் சனிக்கிழமை ஹால்டரம்மா துடைப்பத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தடவ தண்ணி வந்துச்சுன்னா வீட்ட வித்துட்டு வடக்க பிரேமன்ல என் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

ரீகரின் துடைப்பம் நின்றது.

"பிரேமனா? அங்க இங்கயவிட மழை ஜாஸ்தியாச்சே."

"அவ இருக்கறது மூணாவது மாடி. அங்க ஏறி வரணும்னா மழைக்கு லிஃப்ட் வேணும்."

ரீகர் சிரிக்கவில்லை. எல்லைக்கல்லைப் பார்த்தார், நிலவறைப் படியைப் பார்த்தார், தன் தார்த் தரையின் சரிவை மேலிருந்து கீழ் வரை கண்ணால் அளந்தார். அப்புறம் தலையாட்டிவிட்டு மீதி இடத்தையும் பெருக்கி முடித்து உள்ளே போனார். ஹால்டரம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் கிடங்கின் கதவைத் திறக்கும்போதே ரீகர் வாசலில் நின்றார்.

"வெண்டலின், தண்ணி குடிக்கிற கல்லு என்ன விலை?"

"உங்களுக்கும் காலை வணக்கம் ரீகர் சார்."

"வணக்கத்துக்கும் சேர்த்து விலை போட்டுடாதே. சொல்லு."

சொன்னேன். சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கல்லா, பல்லா? எனக்குத் தங்கப் பல்லு கட்டின டாக்டர்கூட இவ்வளவு கேக்கல."

"அவரு வாயில கட்டினாரு. நான் முழங்கால் ஆழம் தோண்டணுமே."

"தோண்டற மண்ணு யாருக்கு?"

"அள்ளிட்டுப் போற கூலிய நீங்க குடுத்தா மண்ணு எனக்கு. இல்லேன்னா உங்களுக்கே."

இது இப்படி மதியம் வரை போகும் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் பணத்தோடு பிரிவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சிரிப்பார், அப்புறம் கோபித்துக்கொள்வார், வெளியே போவார், திரும்பி வருவார், கடைசியில் வண்டிக் கூலியை என் தலையில் கட்டிவிட்டுக் கை கொடுப்பார். ரீகரோ இன்னும் இரண்டே வார்த்தை பேசிவிட்டு, "சரி, எப்ப வேலைய ஆரம்பிப்பே? கோடை மழைக்கு முன்ன முடியுமா?" என்றார். வண்டிக் கூலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. பேரம் பேசாத ஸ்வாபியனைப் பார்த்தால் எனக்கு உள்ளூரப் பயம். வாங்க வந்த சாமானை விடப் பெரிதாக எதையோ வாங்க நினைக்கிறான் என்று அர்த்தம்.

கை கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்கிற எச்சரிக்கையை அவரிடமும் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். இடுக்குல மணலு, தூசு எதுவும் போகக்கூடாது. இலை விழுந்தா மேலாகக் கையில பொறுக்குங்க. பச்சையா ஏதாச்சும் முளைச்சா முளைக்கட்டும். தொடைப்பத்த வெச்சுத் தேய்க்கவே தேய்க்காதீங்க. நைசா இருக்கறது எதுவானாலும் இந்தக் கல்லுக்கு விஷம்."

"சரி. அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமைக்கு என்ன?"

"என்ன பண்றது?"

"வாசல்ல நாற்காலி போட்டு உக்காருங்க. ஒரு பீர் குடிங்க."

"எங்க தெருவுலயா?"

உள்ளாடையோடு சர்ச்சுக்குப் போகச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

வேலை நன்றாக முடிந்தது. தாரை உடைத்து எடுத்தோம், ஜல்லி நிரப்பினோம், சாம்பல் நிறக் கல்லைப் பதித்தோம். ரீகர் அளவுகோலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து, என் ஆட்கள் வைத்த ஒவ்வொரு வரிசையையும் சரி பார்த்தார். கடைசி நாள் எல்லைக்கல் பக்கம் ஹால்டரம்மா வந்து நிற்க, ரீகர் ஒரு வாளி தண்ணீரை மேலிருந்து கவிழ்த்தார். தண்ணீர் இரண்டு முழம் ஓடியிருக்கும். அதோடு காணோம்.

"எங்க போச்சு?" என்றார் ஹால்டரம்மா.

"கீழ."

"எல்லாமேவா?"

"எல்லாமே. எவ்வளவு பெய்ஞ்சாலும் உங்க படிக்கு ஒரு சொட்டு வராது."

ரீகரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் மனைவி போன பிறகு நான் பார்த்ததில்லை. ஹால்டரம்மா ஈரம் காய்ந்துகொண்டிருந்த கல்லையே பார்த்துக்கொண்டு, "அப்ப சரி" என்றார். நான் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளரின் பக்கத்து வீட்டுக்காரர் திருப்தியாக இருக்கிறார் என்றால் அது எனக்கு இன்னொரு ஆர்டர். கணக்கு அப்படித்தான் ஓடும்.

அந்தக் கோடையில் இடி மழை இரண்டு முறை வந்தது. தெருவே ஓடையானபோதும் ஹால்டரம்மாவின் படி காய்ந்து கிடந்தது. ரீகர் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்று பார்த்தார். அடுத்த வீட்டில் திரைச்சீலை விலகி மறுபடி மூடியது. கூப்பிடுவதற்கு எதுவும் இல்லை. பூட்ஸில் ஒரு துளி சேறு படாமல் உள்ளே போனார்.

சனிக்கிழமைகள்தான் சிக்கல். முதல் சனிக்கிழமை ரீகர் வெறுங்கையோடு வந்து கார் பாதையில் நின்றார். கையைப் பின்னால் கட்டினார், பைக்குள் விட்டார், மறுபடி எடுத்தார். மிதிவண்டியில் வந்த தபால்காரி நிறுத்திக் கேட்டாள்:

"எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா சார்?"

"இல்லையே."

"பின்ன யாரையாச்சும் எதிர்பாக்கறீங்களா?"

"இல்லை, இல்லை."

ஹால்டரம்மா வெளியே வருவதற்குள் உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் வரவே இல்லை. ஹால்டரம்மா தன் பக்கத்தைப் பெருக்கினார், எல்லைக்கல் வரை வந்தார், ரீகரின் வீட்டைப் பார்த்தார், இலை எதுவும் இல்லாத இடத்தை இன்னொரு முறை பெருக்கினார், போனார். அதற்கும் அடுத்த வாரம் ரீகரின் கையில் துடைப்பம் இருந்தது. நான் சன்னலைத் திறந்து கத்தியிருக்கலாம். கல்லின் மேல் இருக்கும் இலையைத் தள்ளுகிறார், தள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மனிதன் பேசுவதற்காகக் கொஞ்சம் தேய்த்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

தேய்த்ததோடு நிற்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இலையுதிர் காலத்தில் இடுக்குகளில் புல் முளைத்தது. கத்தியால் கீறி எடுத்தார். கீறியதில் ஜல்லி மேலே வந்தது. அதைப் பெருக்கித் தள்ளினார். இடுக்கு பள்ளமானது. பள்ளமான இடுக்கில் எங்கள் ஊர்க்காரன் என்ன போடுவான்? அப்பன், பாட்டன் காலத்திலிருந்து சாதாரணத் தரைக்கல்லில் எதைப் போட்டானோ அதையேதான்: மாவு போன்ற நைஸ் மணல். பையிலிருந்து கொட்டி, துடைப்பத்தால் மூலைவாட்டாகத் தேய்த்துத் தேய்த்து உள்ளே இறக்க வேண்டும். ஒரு வரிசைக்கே நல்ல நேரம் பிடிக்கும். அதுதான் அவருக்கு வேண்டியதும். மணலை என்னிடம் வாங்கவில்லை. அடுத்த ஊர்ப் பெரிய கடையில் வாங்கி, கார் டிக்கியில் கொண்டுவந்தார். என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நாட்களில் சன்னல் வழியாகக் கேட்ட ஒன்று நினைவிருக்கிறது.

"இடுக்கெல்லாம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கே ரீகர் சார்."

"கொஞ்சம் பாத்துப் பண்ணினா வந்துடும்."

"உங்க கல்லு வந்ததுக்கப்புறம் உங்களுக்கு வேலை கம்மியாகும்னு நெனச்சேன். கூடிப் போச்சே!"

"ஆமா," என்றார் ரீகர், சந்தோஷமாக. "ரொம்பக் கூடிப் போச்சு."

குளிர்காலத்தில் பனியைத் தள்ளினார்கள். வசந்தத்தில் மறுபடி மணல். எல்லைக்கல் பக்கம் பேச்சு முன்னைவிட நீண்டது: ஹால்டரம்மாவின் முட்டி வலி, பிரேமனில் பேத்திக்குப் பல் முளைத்தது, ரீகரின் மனைவி செய்த பருப்பு ஏன் இவருக்கு அதே ருசியில் வரவில்லை. பருப்பில் புளிப்புக்கு வினிகர் எப்போது விடுகிறீர்கள் என்று ஹால்டரம்மா கேட்டார். கடைசியில் என்றார் ரீகர். இறக்கி வைத்த பிறகு விடுங்கள் என்றார் ஹால்டரம்மா. அடுத்த வாரம், சரியாக வந்ததா என்று கேட்டார். வந்தது என்றார் இவர். ஒரு சட்டி நிறைய வந்ததாம். மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டாராம். இருவரும் எல்லைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பருப்பையும் என்ன செய்திருக்கலாம் என்பதை இரண்டு பேரில் ஒருவர் சொல்வார் என்று நானும் பட்டியலைப் புரட்டாமல் காத்திருந்தேன். துடைப்பங்கள்தான் மறுபடி அசைந்தன.

ஜூன் மாதம் ஆலங்கட்டியோடு வந்தது அந்த மழை. பிற்பகல் வானம் கறுத்து, கிடங்கின் தகரக் கூரை எங்களை ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கவிடாமல் அடித்தது. மழை சற்றுத் தணிந்தபோது தொலைபேசி. ரீகர்.

"வெண்டலின், உன் கல்லு குடிக்க மாட்டேங்குது. உடனே வா."

போனேன். சாம்பல் நிறத் தளம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் மேல் தண்ணீர் தார்த் தரையில் ஓடுவது போலவே ஓடி, பழைய வழி தப்பாமல் நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹால்டரம்மா நனைந்த கம்பளம் ஒன்றைச் சுருட்டி மேலே இழுத்தார். இனித் தண்ணீர் வராது என்று நம்பி, போன குளிர்காலத்தில் அந்த அறைக்குக் கம்பளம் விரித்து, தையல் மிஷினைக் கீழே கொண்டுபோயிருந்தார். ரீகர் ஒரு பக்கம் பிடிக்கப் போனார்.

"விடுங்க சார், நானே எடுத்துப்பேன்."

நான் குனிந்து, பையிலிருந்த திருப்புளியை இடுக்கில் குத்தினேன். ஜல்லியில் குத்தினால் நறநறவென்று இறங்கும். இது பிஸ்கட் போல உடைந்து, ஒரு தகடாகப் பெயர்ந்து வந்தது. தண்ணீர் எப்படி இறங்கும்? நான் விற்ற கல்லின் மானம் என் உள்ளங்கையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வாடிக்கையாளரின் மானத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று யோசிப்பதற்குள் ஹால்டரம்மாவே கேட்டார்.

"கல்லு மோசமா, வெண்டலின்?"

நான் ரீகரைப் பார்த்தேன். அவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

"கல்லு நல்ல கல்லுதான்," என்றார். "நான்தான் மணல் போட்டேன்."

"போடக்கூடாதுன்னு இவரு சொல்லலையா?"

"சொன்னாரு."

"பின்ன ஏன் சார் போட்டீங்க?"

ரீகர் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். தொப்பியிலிருந்து மூக்கின் மேல் தண்ணீர் சொட்டியது.

"சனிக்கிழமை…" என்றார். "சும்மா வெளிய வந்து நிக்க முடியலையே."

ஹால்டரம்மா கம்பளத்தைக் கீழே போட்டார். நான் அங்கே இருப்பது இருவருக்கும் மறந்துபோனது. போகலாம் என்றால் வழியில் கம்பளம்.

"பெல்ல அடிச்சிருக்கலாமே."

"எதுக்குன்னு அடிக்கறது?"

"எதுக்குமில்ல. சும்மா அடிக்கறது."

"சும்மா யாராச்சும் பெல்லடிப்பாங்களா ஹால்டரம்மா?" அவர் உண்மையிலேயே கேட்டார்.

அந்த அம்மாள் ஈரக் கையால் நெற்றி முடியை ஒதுக்கினார். சிரிப்பது போலத்தான் இருந்தது முகம்.

"பாருங்க சார். அந்தத் தண்ணி முப்பது வருஷமா வருது. எனக்குப் பழகிப்போச்சு. வர்றப்பெல்லாம் நீங்க பம்ப்பத் தூக்கிக்கிட்டு ஓடி வருவீங்க, ரெண்டு பேரும் இறைப்போம். நான் உங்ககிட்ட, போயிடுவேன்னு சொன்னேன். நீங்க என்ன செஞ்சீங்க? கல்லு வாங்கப் போனீங்க."

என் கிடங்கிலேயே பெரிய பாறை ஒன்று நடுவில் விழுந்தது போல இருந்தது எனக்கு. எத்தனையோ பேரத்தைப் பார்த்தவன். ஒருவர் கேட்கிற விலை ஒன்று, மனதில் இருக்கிற விலை வேறு என்பது தெரிந்தவன். இந்த அம்மாள் கேட்டது ஒற்றைச் சொல். அன்றைக்கே அதைக் கொடுத்திருந்தால் ஒரு கல் பெயர்க்க வேண்டியதில்லை. இப்போதும் ஒன்றும் முடிந்துபோகவில்லை. கடை இன்னும் திறந்துதான் இருந்தது. "போகாதீங்க" என்று சொல்ல எவ்வளவு மூச்சு செலவாகும்? நான் ரீகரையே பார்த்தேன். ஹால்டரம்மாவும் பார்த்தார். ரீகரின் கண் நிலத்தை, இடுக்குகளை, சரிவை அளந்தது.

"மிஷின் வெச்சு உறிஞ்சி எடுத்துடலாம்," என்றார். "மணல எல்லாம் எடுத்துட்டுப் புது ஜல்லி போட்டா மறுபடி நல்லா குடிக்கும். வெண்டலின்கிட்ட அந்த மிஷின் இருக்கு."

ஹால்டரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இருக்கா?"

"இருக்கு," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கம்பளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவை அறையவில்லை. சாதாரணமாகத்தான் சாத்தினார்.

வீடு சீக்கிரமே விலை போயிற்று. நிலவறையில் தண்ணீர் வரும் என்பதை வாங்குபவர்களிடம் மறைக்கவில்லை ஹால்டரம்மா. பக்கத்து வீட்டுக்காரர் சரி செய்துவிட்டார் என்பதையும் சொன்னாராம். அது நிஜமாகவும் இருந்தது. நான் மிஷினைக் கொண்டுபோய் மணலையெல்லாம் உறிஞ்சி எடுத்து, புது ஜல்லி போட்டேன். ரீகர் முட்டி போட்டு ஒவ்வொரு இடுக்கையும் விரலால் தடவிப் பார்த்தார். இந்த முறை துடைப்பத்தைக் கொண்டுபோய்த் தன் வீட்டு நிலவறையில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்.

சாமான் லாரி வந்த காலை ரீகர் கோட் போட்டுக்கொண்டு எல்லைக்கல் அருகே நின்றார். லாரிக்காரர்கள் தையல் மிஷினைத் தூக்கும்போது, கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று வழி காட்டினார். ஹால்டரம்மா வந்து கை கொடுத்தார்.

"வினிகர இறக்கி வெச்ச பிறகு விடுங்க."

"விடறேன்."

"பார்க்கலாம் ரீகர் சார்."

"போய்ட்டு வாங்க ஹால்டரம்மா. நெடுஞ்சாலைல வேலை நடக்குது, கசல் ஊர்ப் பக்கம் சுத்திப் போகச் சொல்லுங்க."

அப்படித்தான் அனுப்பி வைத்தார். லாரி திரும்பும் வரை நின்றார், திரும்பிய பிறகும் நின்றார். தபால்காரி வந்தாள், இந்தத் தடவை அவள் எதையும் கேட்கவில்லை.

புதிதாக வந்தவர்கள் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. நல்லவர்கள்தான், பார்த்தால் கை அசைப்பார்கள். சனிக்கிழமை விடிந்ததும் காரில் ஏறி மலைப் பக்கமோ ஏரிப் பக்கமோ போய்விடுவார்கள். வாசலை ஒரு சின்ன இயந்திரம் தானாகச் சுற்றிச் சுத்தம் செய்கிறது. எல்லைக்கல் வரை வரும், முட்டும், திரும்பிப் போகும். கோடை மழை வந்தது, ஆலங்கட்டியும் வந்தது. ரீகரின் தளம் எல்லாவற்றையும் குடித்தது. எங்கள் நகராட்சிப் பொறியாளர் ஒரு நாள் காரை நிறுத்திப் பார்த்து, இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற தளத்தைப் பார்த்ததில்லை என்று ரீகரைப் பாராட்டினார். "ஆமா, தண்ணி எங்கயும் போறதில்ல" என்றாராம் ரீகர்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, நான் கடை அடைக்கும் நேரத்தில் அவர் உள்ளே வந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. சிவப்பு மணற்கல் படி வரிசைக்கு முன்னால் நின்றார்.

"இது ஒரு படி என்ன விலை, வெண்டலின்?"

"எத்தனை படி வேணும்?"

"மூணு. நாலாகவும் இருக்கலாம்."

அவர் வீட்டு வாசல் தரைமட்டம். படி வைக்க இடமே கிடையாது. அங்கே தளம் போட்டவன் நான். விலையைச் சொன்னேன்.

"கொள்ளை."

"மலைய வெட்டி எடுக்கறாங்க சார்."

"மலைய யாரு குடுத்தா? கடவுள்தானே? அவருக்கு நீ என்ன குடுத்தே?"

"அவரு இன்னும் பில் அனுப்பலை."

நாற்காலியைக் காட்டினேன். யோசித்துவிட்டு உட்கார்ந்தார், கோட்டின் பொத்தானைக் கழற்றினார். வண்டிக் கூலிக்குப் பேசினார், உடைசலுக்குப் பேசினார், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டார். இருட்டத் தொடங்கியபோது, தூங்கி எழுந்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை தோட்டத்து விளிம்புக் கல். அதற்கடுத்து கிணற்று மூடி. அவருக்குக் கிணறும் இல்லை. ஒரு தடவை கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்:

"பிரேமன் வரைக்கும் உன் லாரி போகுமா?"

"ஆர்டர் இருந்தா போகும். யாருக்கு சார்?"

"யாருக்குமில்ல. தெரிஞ்சு வெச்சுக்கலாமேன்னு."

"அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு." பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். "எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு கேட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் வெளியே போய்விட்டார். மேட்டுத் தெருவில் ஏறி, தன் சமையலறை விளக்கைப் போடும் வரை எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அவர் எதையும் வாங்கப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிடங்கில் அந்த நேரத்துக்கு வேறு யாரும் வருவதுமில்லை. அதனால் இப்போதெல்லாம் சனிக்கிழமை மட்டும் விலையை நன்றாக உயர்த்தியே சொல்கிறேன். இறங்கி வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.